எக்ஸுக்கு எத்தனை பேச்சு

மாடிப்படியில் முதலில் சத்தம் வரும், பிறகுதான் ஆள் வருவாள். "எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் அஞ்சு எக்ஸ் பிளஸ் ஆறு ஈக்வல் டு ஜீரோ" என்று கீழ்ப்படியில் ஆரம்பித்தால், காரணி பிரித்து, அடைப்புக்குறி போட்டு, மேல்படிக்கு வரும்போது "எக்ஸ் ஈக்வல் டு ரெண்டு அல்லது மூணு" என்று முடித்திருப்பாள். நடுவில் மூச்சு விட்டதாகவே தெரியாது. அடைப்புக்குறியைக்கூட விடமாட்டாள். "அடைப்பு தொறக்க, அடைப்பு மூட" என்று அதையும் சேர்த்தே சொல்வாள். அப்புறம் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சார் வந்துட்டாரா?" என்று சாதாரணமாகக் கேட்பாள்.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மேல்மாடி அது. பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவர்களை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்த டுட்டோரியல். யூரியா வாடையில்தான் நான் அல்ஜீப்ரா படித்தேன். என் அப்பா பஸ் கண்டக்டர். நாள் முழுக்கச் சில்லறை கணக்குப் பார்க்கிறவன் பெண் கணக்கில் ஃபெயில் என்று டெப்போவில் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை அப்பா பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் இறக்கினார். இன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிரிக்கிறவர்கள் இப்போதும் சிரிக்கலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அந்த அக்கா எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள். வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரத்துப் பக்கம் ஒரு கிராமம். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்து, அங்கே சரிப்படாமல் திரும்பி வந்தவள். அவர்கள் ஊர்ப் பால்வாடி டீச்சர் ஓய்வு பெறப் போகிறார், பத்தாவது பாஸ் என்றால் அந்த வேலைக்கு எழுதிப் போடலாம். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறிவிட்டாள். கணக்கு மட்டும் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "இந்த வாட்டி போச்சின்னா நான் கரும்பு வெட்டத்தான் போவணும். வெட்டறதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா எங்கண்ணி, 'பத்தாவது படிக்கறன் பத்தாவது படிக்கறன்னு வூட்டுல ஒக்காந்துகினு தின்னா'ன்னு சொல்லும். சொல்லிட்டு அடுப்பாண்ட திரும்பிக்கும்" என்றாள். அண்ணி சொல்லும் என்றவள், அண்ணியின் இழுவையோடு, அண்ணி திரும்புகிற மாதிரியே திரும்பிக் காட்டினாள்.

இதுதான் அவள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்வாள். சொல் மாறாது, குரல் மாறாது, நடுவில் இருமியிருந்தால் இருமலும் இருக்கும். எங்கள் சார் ஒருநாள், வடிவியலை எப்போது முடிப்பதாகத் தான் சொல்லியிருந்தார் என்று எங்களிடம் சும்மா கேட்டுவிட்டார். அக்கா எழுந்து நின்றாள். "'அடுத்த வாரம் வடிவியல் முடிச்சுடறேன், அப்புறம் உங்களுக்கு லீவே கெடையாது' அப்படின்னீங்க சார். சொல்லிட்டு மூக்கத் தொடச்சீங்க. அது போன மாசம்." பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. சாரும் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் அவர் எங்களிடம் எதையும் உறுதியாகச் சொன்னதில்லை.

சிரிக்க முடியாத மாதிரியும் செய்வாள். தன் புருஷனைப் பற்றி அவளாக ஒருமுறை சொன்னாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, ஊறுகாய் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல 'ஒன்னக் கண்ணு கலங்காம வெச்சிக்கறன்'னான். அப்புறம் அடிக்க ஆரம்பிச்சான். அவன் அடிக்கச் சொல்ல எல்லாம் நான் அழுவமாட்டன். அவன் சொன்னத அவன் கொரல்லயே சொல்லிக் காட்டுவன். 'ஒன்னக் கண்ணு கலங்காம வெச்சிக்கறன்.' அவ்ளோதான். அதுக்கு இன்னும் ரெண்டு உழும். கடைசியில அவனே பயந்து போயிட்டான். ஒங்க வூட்டுக்கே போயிடு தாயேன்னுட்டான்."

நான் என் டப்பாவை மூடிவிட்டேன். அவள் பாட்டுக்கு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு முதன்முதலாகக் கொஞ்சம் பயமும் வந்தது.

இவ்வளவு ஞாபகசக்தி இருக்கிறவள் எப்படி ஃபெயிலானாள் என்று கேட்பீர்கள். அந்த ஞாபகசக்தியால்தான். எங்கள் சாருடைய முறை அப்படி. "புரியுதா புரியலையாங்கறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். புஸ்தகத்துல இருக்கிற கணக்கைக் கை தானா எழுதணும்" என்பார். கிராஃப் ஒன்று, ஜாமெட்ரி ஒன்று, புத்தகக் கணக்கில் அடிக்கடி வருகிறதாக ஒரு கட்டு. இதை மனப்பாடம் செய்தால் பாஸ். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் தேறினார்கள். அல்ஜீப்ராவைத் திருக்குறள் மாதிரி படிக்கிற வழக்கம் எங்களுக்கு. யாரும் அதை வெட்கமாக நினைத்ததில்லை.

அக்கா புத்தகம் முழுவதையுமே படித்து வைத்திருந்தாள். அதுதான் வினை. போன தேர்வில் என்ன நடந்தது என்று நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

"எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஏழு எக்ஸ் பிளஸ் பன்னண்டுன்னு கேட்டிருந்தாங்கடி. அப்படி ஒரு கணக்கே புஸ்தகத்துல கெடையாது."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் இன்னா? தப்பா அச்சடிச்சிட்டாங்க போலன்னு கேள்வியைத் திருத்தினன். மைனஸ் அஞ்சு எக்ஸ், பிளஸ் ஆறு. திருத்திட்டு வழியெல்லாம் சுத்தமா போட்டு வெச்சன். எக்ஸ் ஈக்வல் டு ரெண்டு அல்லது மூணு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கேள்வித்தாளையே திருத்தி, பெரிய மனசோடு பதிலும் எழுதி வைத்தவளை எந்த மகராசன் திருத்தினானோ. அவளுக்கு என் சிரிப்பு புரியவில்லை. கோபமும் வரவில்லை. "புஸ்தகத்துல ஒண்ணு, பேப்பர்ல ஒண்ணு இருந்தா நான் எதடி நம்பறது?" என்று கேட்டாள். 

நான் சோம்பேறியே தவிர மண்டு இல்லை. ஃபெயிலான அவமானத்தில் அந்த வருஷம்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன், எனக்கு அல்ஜீப்ரா பிடிபட ஆரம்பித்திருந்தது. புதிதாகச் சைக்கிள் ஓட்டக் கற்றவள் ஊரில் எல்லாரையும் பின்னால் ஏற்றிக்கொள்கிற மாதிரி, அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினேன். முதல் படியிலேயே தகராறு.

"ரெண்டு எக்ஸ் பிளஸ் மூணு ஈக்வல் டு பதினொண்ணு. எக்ஸ் எவ்ளோக்கா?"

"நாலு. இது புஸ்தகத்துல இருக்குது."

"சரி. மூணு எக்ஸ் மைனஸ் அஞ்சு ஈக்வல் டு பதினாறு. எக்ஸ் எவ்ளோ?"

"நாலுதான். இப்பத்தான சொன்னன்."

"இதுல ஏழுக்கா."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இந்த எக்ஸுக்கு எத்தனை பேச்சு? இப்ப நாலுன்னிச்சு. அடுத்த வரியில ஏழுங்குது. ஒருத்தன் இப்படிப் பேசினா அவனோட நான் அன்னந்தண்ணி பொழங்கமாட்டன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே அது ஒழுக்கக்கேடாகப் பட்டது. இதற்கு அப்புறம் இருபடிச் சமன்பாடு. அதில் எக்ஸ் ஒரே கணக்கிலேயே ரெண்டு அல்லது மூணு. அந்த 'அல்லது' வரும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கும். மனப்பாடமாகச் சொல்கிறவரைக்கும் தொந்தரவில்லை. அர்த்தம் கேட்டால்தான் கசந்தது. ஆசிரியர் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில், பிள்ளைகள் எக்ஸைப் பார்த்து பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன், கொட்டாவி விடுவதைப் பார்த்திருக்கிறேன். எக்ஸோடு மானப் பிரச்சினை வைத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

நான் கூடை என்றேன், பெட்டி என்றேன், ஒளித்து வைத்த புளியங்கொட்டை என்றேன். ஒன்றும் ஏறவில்லை. எனக்கு எரிச்சல் வந்து, "நீ கரும்பே வெட்டுக்கா" என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன். அதையும் பிடித்து வைத்துக்கொண்டாள். பிறகு பல தடவை என் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வழி தெருவிலிருந்து வந்தது. ஆவணி முகூர்த்தம். சாயங்காலம் கீழே பேண்டு சத்தம். ஜன்னலில் போய் நின்றோம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். ஜிப்பா போட்ட ஒரு குண்டு மாப்பிள்ளை காரில் வேர்த்துக்கொண்டிருந்தான். "மாப்பிள்ளைக்குச் சோடா குடுங்கப்பா" என்று ஒருவர் கத்தினார். அந்தக் கூட்டம் மார்க்கெட் பக்கம் திரும்பவில்லை, அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு ஊர்வலம். இதில் மாப்பிள்ளை ஒல்லி, மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இங்கேயும் "மாப்பிள்ளைய எறக்காதீங்க, நேரம் இருக்குது" என்று ஒரு குரல்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "அந்தக் கூட்டத்துல மாப்பிள்ளைன்னா அவன் வருவான். இந்தக் கூட்டத்துல மாப்பிள்ளைன்னா இவன் வருவான்" என்றாள்.

"ஆமாம்."

"மாப்பிள்ளை பேச்சு மாறல. கல்யாணந்தான் வேற."

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அவ்ளோதான்க்கா. கணக்குதான் கல்யாணம். எந்தக் கல்யாணம்னு தெரிஞ்சாத்தான் மாப்பிள்ளை யாருன்னு சொல்ல முடியும்."

அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.  அப்புறம் தலையை நிமிர்த்தி, "அப்ப ரெண்டு அல்லது மூணுன்றது, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல்ல கல்யாணம். மாப்பிள்ளையக் கூப்புடுன்னா ரெண்டு பேர்ல எவன் வந்தாலும் சரி" என்றாள். அவளாகவே சொன்னாள். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

அன்றைக்கே அந்த ஏழும் பன்னிரண்டும் உள்ள கணக்கை எடுத்தாள். பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டினால் ஏழு, அந்த இரண்டு பேர் யார் என்று விரல்விட்டுத் தேடி, மூன்றும் நான்கும் என்று பிடித்தாள். பிடித்ததைக் கணக்கில் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பூஜ்யம் வந்தது. "பொய் சொல்லலடி இது" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த பத்து நாளும் நான் எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன், அவள் போட்டுக்கொண்டே போனாள். மாடிப்படியில் ஒப்பிப்பதுகூட நின்றுவிட்டது.

தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது மறியல் அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த வருஷங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். சுவரெல்லாம் சதவீதக் குறி. "கணக்கு ரோட்டுக்கு வந்துடுச்சு பாருங்க" என்று சார் சொல்லிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. டுட்டோரியலில் பெஞ்சுகள் மாறின. அதுவரை கண்ட இடத்தில் உட்கார்ந்தவர்கள், சொல்லிவைத்த மாதிரி இனத்தோடு இனம் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அக்கா போராடுகிறவர்கள் பக்கம், நான் அந்தப் பக்கம் இல்லை. அவள் பழையபடி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஊர்ப் பையன்கள் முறைத்தார்கள். "இன்னா பாக்கறீங்க, இவ எனக்கு எக்ஸ் சொல்லித் தர்றா" என்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி. பிளஸ் டூ முடித்து, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். தினமும் ஏரிக்கரையில் ஓடிப் பழகுகிறான் என்று பெருமையாகச் சொல்வாள். அவளைப் பஸ் ஏற்றிவிட சைக்கிளில் வருவான். கூச்ச சுபாவம். எங்களைப் பார்த்தால் சைக்கிள் பெல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

மறியல் வாரம் வந்தது. மலைக்குப் போகிற ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் ஓடவில்லை, பால் வரவில்லை, யாருக்கு என்ன ஆச்சு என்றே தெரியவில்லை. என் அப்பாவின் பஸ் நடுவழியில் மாட்டி, கண்ணாடி உடைந்து, அவர் நெற்றியில் கட்டோடு நடந்தே வீடு வந்தார். அப்புறம் போலீஸ் வண்டிகள் ஊருக்குள் நுழைந்தன. கிடைத்த பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் அக்காவின் தம்பியும் ஒருவன்.

அவன் மரம் வெட்டியது உண்மை. அக்காவே பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவளுடைய பெரியப்பாதான் ஊரில் முன்னே நின்றவர், அவர் சொல்லித்தான் பையன்கள் ரம்பத்தைத் தூக்கினார்கள். கேஸ் பதிவானால் பட்டாளம் கிடையாது, எந்தக் கவர்மெண்டு வேலையும் கிடையாது. வேலையில் பங்கு கேட்கப் போய் வேலைக்கே வேட்டு.

பெரியப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு வருஷம் முன்னால் அவர்கள் ஊரில் ஓர் ஆட்டுத் திருட்டு. அக்கா ஸ்டேஷனுக்குப் போய், திருடனும் கசாப்புக்காரனும் வேலியோரம் பேசியதை இருமல் செருமலோடு ஒப்பித்திருக்கிறாள். திருடன் தன் குரலைக் கேட்டு அங்கேயே ஒப்புக்கொண்டானாம். அதிலிருந்து அந்த ஸ்டேஷனில் அவள் வாய்க்கு மதிப்பு. அந்தப் பொண்ணு சொன்னா சொன்னதுதான் என்று ஏட்டே சொல்வாராம். "நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு தாயி. ஒன்ன நம்புவாங்க" என்று பெரியப்பா அவளைக் கூட்டிப் போனார்.

அந்த நேரத்தில் நானும் ஸ்டேஷனில்தான் இருந்தேன். உடைந்த பஸ்ஸுக்காக அப்பாவிடம் எழுதி வாங்கக் காலையிலிருந்து உட்காரவைத்திருந்தார்கள். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சுவரோரம் பையன்கள் சட்டையில்லாமல் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் தம்பி நிமிர்ந்தான். பெரியப்பா கட்டிப்போன தொண்டையில் "போ தாயி" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டார்.

எஸ்.ஐ. மரியாதையாகத்தான் கேட்டார். "சொல்லும்மா."

"என் தம்பி நாலு நாளா மலையில கடுக்காய் மூட்டை எறக்கினு இருந்தான் சார். நேத்து சாயங்காலந்தான் எறங்கி வந்தான். மரம் வெட்டுனதுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது." பெரியப்பாவின் குரல் அப்படியே இருந்தது. அந்தத் தொண்டைக்கட்டுகூட இருந்தது.

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தலையாட்டினார். முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எழுதப் பேனாவை எடுத்த எஸ்.ஐ., பேச்சுவாக்கில் கேட்டார்: "மலையில எந்த ஊரும்மா?"

அக்கா அவரைப் பார்த்தாள். "என் தம்பி நாலு நாளா மலையில கடுக்காய் மூட்டை எறக்கினு இருந்தான் சார்."

"சரிம்மா. எந்த ஊருல? யார்கிட்ட வேலை?"

"நேத்து சாயங்காலந்தான் எறங்கி வந்தான். மரம் வெட்டுனதுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"பஸ்ஸு ஓடலையே. எப்படி எறங்கினான்? நடந்தா, லாரியிலயா?"

"என் தம்பி நாலு நாளா..."

ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் மண்டையை உடைத்த கூட்டத்தில் ஒருத்தனுக்காக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். மலையில் எத்தனை ஊர் இல்லை? ஒரு பெயர் போதும். எண்ணை மாற்றினால் மாற்றிப் போடுகிறவள்தானே. எஸ்.ஐ. பேனாவை மூடினார். "யாரோ எழுதிக் குடுத்தத ஒப்பிக்கறியாம்மா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, சலிப்பாகத்தான் கேட்டார். பெரியப்பா வாசலிலிருந்து காணாமல் போயிருந்தார். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவள் வெளியே போகும்போது என்னைப் பார்த்தாள். ஆனால் தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

கேஸ் பதிவானது. சில நாள் கழித்துக் கணக்குப் பரீட்சை. வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது, வந்துவிட்டாள். கேள்வித்தாளில் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன்பது எக்ஸ் பிளஸ் இருபது. புத்தகத்தில் இல்லாதது. எனக்கு என் பதிலைவிட அவள் பதில்தான் கவலை. மணி அடித்து வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "நாலு, அஞ்சு. போட்டுப் பாத்தன். சரியா வந்திச்சு" என்றாள். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. இரண்டு பேரும் பாஸ்.

அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தகரப் பெட்டியோடு நின்றிருந்தாள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு பால்வாடி. மேலே போக யாரும் சம்மதிக்காத இடம், அதனால் இவளுக்குக் கிடைத்தது. ஊர் வேலைக்கு அவள் எழுதிப் போடவே இல்லை. தம்பி ஜாமீனில் வந்துவிட்டான், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பு வந்துவிட்டுப் போய்விட்டது. வீட்டில் யாரும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

"பாஸாயிட்டன்னு தம்பிகிட்ட சொன்னன்" என்றாள். பிறகு அவன் குரலில், அந்தக் கூச்சத்தோடு, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னாள்: "'கணக்குல நம்பரு மாறினா மாத்திப் போடத் தெரியுது. எனக்காக மாத்திச் சொல்ல மட்டும் தெரியலியாக்கா?'"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயத்துல யாருக்கும் வராதுக்கா. படிச்சதுதான் வாய்ல வரும். நீ இன்னா பண்ணுவ?"

"பயமா?" என்று கையை விடுவித்துக்கொண்டாள். "மொதக் கேள்வி கேக்கும்போதே பதிலு வந்துடுச்சிடி. கரியாலூருன்னு வாய் வரைக்கும் வந்திச்சு. யார்கிட்ட வேலைன்னா ஒரு பேரு வந்திச்சு. மூட்டை லாரின்னு வந்திச்சு. கேக்கக் கேக்க ஒவ்வொண்ணுக்கும் வந்துகினே இருந்திச்சு. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தியும் வந்திச்சு."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"மொதல்ல சொன்னது பெரியப்பா பேச்சு. அவரு சொன்னத அப்படியே சொன்னன். அதுக்கு மேல சொல்லியிருந்தா அதெல்லாம் என் பேச்சு ஆயிடும்." பஸ் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "இத அவங்கிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியலன்னே இருக்கட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவன் வாழ்க்கையைவிடப் பெரிதா ஒரு பேச்சு என்று பஸ் போன பிறகும் அங்கேயே நின்று மனசுக்குள் அவளைத் திட்டினேன். அந்தக் கோபம் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. அதேசமயம், பொய் வாய் வரைக்கும் வந்தும் சொல்லாத ஒருத்தியைப் பார்த்தேன் என்ற நினைப்பும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

தம்பியைப் பார்த்தேன், ரொம்ப வருஷம் கழித்து. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டரை ரோட்டோரம் நிறுத்தி, டீ குடித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. அவனேதான் அடையாளம் கண்டு வந்து பேசினான். அக்கா மலையிலேயே இருக்கிறாளாம். பால்வாடிக்கு வருஷா வருஷம் புதிதாக வருகிற பிள்ளைகளெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு ஆடுமாம். இவன் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறானாம்.

"ரொம்ப நாளு அது மேல கோவமா இருந்தன் டீச்சர்" என்றான். "அப்புறம் யோசிச்சன். அது இன்னா பண்ணும் பாவம். படிச்சதத்தான் சொல்லத் தெரியும். மாத்திப் பேச அதுக்கு வராது. வந்திருந்தா எனக்காக சொல்லியிருக்காதா?"

"ஆமாம்ப்பா. அதுக்கு வராது" என்றேன்.